மாம்புரியிலிருந்து சுவிட்சர்லாந்துக்கு: பயணம், படிப்பு, குடியியல் வாழ்வு

சிறிய நாடும் அதைவிடச் சிறிய ஊராட்சியும்

சுவிட்சர்லாந்தின் பரப்பளவு 41,285 சதுர கிலோமீற்றர். அது 65,610 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இலங்கையின் மூன்றில் இரண்டு பங்கைவிடச் சற்றுக் குறைவு. ஏறத்தாழ 90 இலட்சம் மக்கள் வாழும் அந்நாடு 26 கன்டோன்களாகவும், அக்கன்டோன்கள் 2,100-க்கு மேற்பட்ட ஊராட்சிகளாகவும் பிரிந்துள்ளன. கன்டோன் என்பது தனக்கென அரசியலமைப்பும் பாராளுமன்றமும் நீதிமன்றமும் வரிவிதிக்கும் அதிகாரமும் கொண்ட உறுப்பு அரசாகும். இலங்கையில் மாகாண சபைகளுக்கு மத்திய அரசு அதிகாரத்தைப் பகிர்ந்தளிக்கிறது. சுவிட்சர்லாந்திலோ 1848-இன் கூட்டாட்சி அரசியலமைப்பின் வழி கன்டோன்களே தம் அதிகாரத்தில் ஒரு பகுதியை மத்திக்கு விட்டுக்கொடுத்தன, எஞ்சியதைத் தம்மிடமே வைத்துக்கொண்டன. ஜேர்மன் மொழியில் கெமைண்டே என்றும் பிரெஞ்சில் கொம்யூன் என்றும் வழங்கும் ஊராட்சி, பொறுப்புகளில் பிரதேச சபையை ஒத்திருந்தாலும், குடிப்பதிவு, வருமான வரி, ஆரம்பப் பாடசாலை, சமூக உதவி, குடியுரிமை விண்ணப்பம் ஆகியவற்றிலும் பங்கு வகிப்பதால் அதைவிடப் பன்மடங்கு வலியது.

புத்தளம் மாவட்டத்தின் கல்பிட்டிக் குடாநாட்டிலுள்ள மாம்புரி போன்ற கரையோர ஊரிலிருந்து அந்நாட்டுக்குப் படிக்கச் செல்ல எண்ணும் இளைஞருக்கும், அவர்களை அனுப்பும் பெற்றோருக்கும் இவ்வத்தியாயம் எழுதப்பட்டுள்ளது. இதன் அடிப்படைக் கருத்து ஒன்றே: சுவிட்சர்லாந்தில் ஒருவருடைய வாழ்வு அவர் பதிந்துகொள்ளும் ஊராட்சியிலிருந்தே தொடங்குகிறது, ஆகவே அவ்வூராட்சியின் மொழியையும் நடைமுறையையும் புறப்படுவதற்கு முன்பே கற்கத் தொடங்குபவருக்கே படிப்பும் வேலையும் உரிமையும் கைகூடும்.

புறப்படுமுன்: விசாவும் ஆவணங்களும்

இதே கரையில் தெற்கே உள்ள வென்னப்புவ, நீர்கொழும்பு முதலிய ஊர்களிலிருந்து பல்லாயிரவர் இத்தாலிக்குச் சென்றிருப்பதால், ஐரோப்பாவைப் பற்றிய எண்ணங்கள் பலவும் இத்தாலிய அனுபவத்திலிருந்தே இக்குடாநாட்டுக்கு வந்து சேர்கின்றன. இத்தாலி 2002, 2009, 2012, 2020 ஆகிய ஆண்டுகளில் ஆவணமின்றி வேலைசெய்தோருக்கு அனுமதி வழங்கும் பொது ஏற்பாடுகளைச் செய்தது. சுவிட்சர்லாந்து நாடு தழுவிய அத்தகைய ஏற்பாட்டைச் செய்யும் வழக்கமுடையதன்று. எனவே எப்படியாவது போய்ச் சேர்ந்தால் பின்னர் சரிசெய்துகொள்ளலாம் என்ற கணக்கு அங்கே பலிக்காது.

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்புரிமை பெறாத நாடு. எனினும் எல்லைச் சோதனைகளை நீக்கிய நாடுகளின் கூட்டமைப்பான ஷெங்கனில் 2008 டிசெம்பரில் இணைந்தது. ஷெங்கன் விசா எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மட்டுமே தங்க இடமளிக்கும். அதைவிட நீண்ட படிப்புக்கு 'டி' வகைத் தேசிய விசா வேண்டும். இதற்கான விண்ணப்பத்தைக் கொழும்பிலுள்ள சுவிஸ் தூதரகத்தின் வழியாகச் சமர்ப்பித்தாலும், முடிவெடுப்பது படிக்கவிருக்கும் கன்டோனின் குடிவரவு அலுவலகமே. கோப்பு அங்கு சென்று திரும்ப இரண்டு மூன்று மாதங்கள் ஆகக்கூடும் என்பதால், செப்டெம்பரில் தொடங்கும் வகுப்புக்கு அவ்வாண்டின் சித்திரை, வைகாசியிலேயே விண்ணப்பிப்பது நன்று. எந்த முகவராலும் கன்டோனின் முடிவை விலைக்கு வாங்கித்தர இயலாது. அவ்வாறு வாக்களித்துப் பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது.

கல்வி நிறுவனத்தின் அனுமதிக் கடிதம், கட்டணம் செலுத்திய சான்று, முன்னைய படிப்புச் சான்றிதழ்கள், தன்விவரக் குறிப்பு, குறிப்பிட்ட பாடத்தைத் தேர்ந்ததன் காரணத்தை விளக்கும் கடிதம், படிப்பு முடிந்ததும் நாட்டைவிட்டு வெளியேறுவதாக உறுதியளிக்கும் கையொப்பமிட்ட கூற்று, வாழ்க்கைச் செலவுக்கான பணச்சான்று ஆகியவை விண்ணப்பத்தின் முக்கிய உறுப்புகளாகும். பணச்சான்றின் அளவு கன்டோனுக்குக் கன்டோன் மாறினாலும், பொதுவாக ஆண்டொன்றுக்கு 20,000 சுவிஸ் பிராங்குக்கு மேற்பட்ட தொகையே எதிர்பார்க்கப்படுகிறது. தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு மொழிபெயர்த்து, கொழும்பிலுள்ள வெளிவிவகார அமைச்சின் கொன்சியுலர் பிரிவில் உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. தந்தை பெயரும் பிள்ளை பெயரும் ஆவணத்துக்கு ஆவணம் வேறுவேறாக எழுதப்பட்டிருந்தால், அதைப் புத்தளத்தில் இருக்கும்போதே திருத்திக்கொள்ள வேண்டும். சுவிஸ் ஊராட்சியில் ஒருமுறை பதிவான எழுத்துக்கூட்டு வங்கிக் கணக்கிலிருந்து திருமணப் பதிவு வரை தொடர்ந்து வரும்.

படிப்பு: எந்த வாயில் திறந்திருக்கிறது

சுவிஸ் உயர்கல்வி மூவகைப்படும். 1460-இல் தோன்றிய பாசல், 1833-இல் தோன்றிய சூரிச் முதலிய கன்டோன் பல்கலைக்கழகங்கள் முதல் வகை. சூரிச்சில் 1855-இல் திறக்கப்பட்டதும், லவுசானில் 1969-இல் கூட்டாட்சி அரசின் கீழ் வந்ததுமான இரு தொழினுட்ப உயர்கல்லூரிகள் இரண்டாம் வகை. 1990-களில் உருவான, செயல்முறைப் பயிற்சியை முதன்மையாகக் கொண்ட பிரயோகப் பல்கலைக்கழகங்கள் மூன்றாம் வகை. இளமாணிப் பாடநெறிகளிற் பெரும்பாலானவை ஜேர்மனிலோ பிரெஞ்சிலோ நடைபெறுகின்றன. முதுமாணிப் பாடநெறிகள் பல ஆங்கிலத்தில் உள்ளன. கலாநிதிப் பட்ட ஆய்வாளர்கள் பெரும்பாலும் சம்பளம் பெறும் ஊழியராகவே நியமிக்கப்படுகின்றனர். க.பொ.த. உயர்தரச் சான்றிதழ் தனியே போதுமா, அல்லது நுழைவுப் பரீட்சையும் எழுத வேண்டுமா என்பதைப் பாடச் சேர்க்கையைப் பார்த்து ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே முடிவுசெய்கிறது. ஆகையால் உயர்தரம் முடித்தவுடன் செல்வதைவிட, இலங்கையில் இளமாணிப் பட்டம் பெற்றபின் முதுமாணிக்கு விண்ணப்பிக்கும் வழி பெரும்பாலோருக்குச் செலவு குறைந்ததும் உறுதியானதுமாகும். மிகவும் பிந்திவிடுவதும் நல்லதன்று. முப்பது வயதைக் கடந்தவருக்குப் படிப்பு அனுமதி தக்க காரணம் இருந்தாலன்றிக் கிடைப்பது அரிது.

அரசுப் பல்கலைக்கழகங்களின் கட்டணம் பிரித்தானியாவோடு ஒப்பிடுகையில் மிகக் குறைவு. ஆயினும் சூரிச், லவுசான் தொழினுட்ப உயர்கல்லூரிகளில் அரையாண்டுக்கு 730 பிராங்காக இருந்த கட்டணம், 2025 இலையுதிர் காலம் முதல் புதிதாக வந்துசேரும் வெளிநாட்டு மாணவருக்கு மூன்று மடங்காக உயர்ந்து 2,190 பிராங்கு ஆயிற்று. தனியார் விருந்தோம்பல் கல்லூரிகளின் நிலை வேறு: 1893-இல் லவுசானில் தொடங்கிய புகழ்பெற்ற கல்லூரியைத் தொடர்ந்து அத்துறையில் பல நிறுவனங்கள் தோன்றியுள்ளன, அவற்றின் கட்டணம் அரசுப் பல்கலைக்கழகங்களின் கட்டணத்தைவிடப் பல மடங்கு அதிகம், தரமும் ஒன்றுபோல் இல்லை. 2015-இல் நடைமுறைக்கு வந்த உயர்கல்விச் சட்டத்தின்படி 'பல்கலைக்கழகம்' என்ற பெயரைத் தாங்குவதற்கே அங்கீகாரம் தேவை; எனவே பணம் கட்டுமுன் அந்நிறுவனம் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்று பார்ப்பது பெற்றோரின் முதற் கடமையாகும்.

சுவிஸ் இளைஞரில் மூன்றில் இரு பங்கினர் தெரிந்தெடுக்கும் தொழிற்பயிற்சிக் கல்வி, வாரத்தில் சில நாட்கள் வேலைத்தளத்திலும் சில நாட்கள் பாடசாலையிலுமாக நடப்பது, உலகின் பாராட்டைப் பெற்றது. ஆனால் இலங்கையிலிருந்து அதற்கென விசா பெற்றுச் செல்வது நடைமுறையில் இயலாத ஒன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பகுதிநேர வேலையை நம்பிச் செல்வதும் தவறு. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்த மாணவர் படிப்புத் தொடங்கி ஆறு மாதம் கழிந்த பின்னரே, வாரத்துக்கு 15 மணிநேரத்துக்கு மேற்படாமல், வேலைகொடுப்பவர் அனுமதி பெற்ற பின் வேலைசெய்யலாம். விடுமுறைக் காலத்தில் மட்டும் முழுநேர வேலைக்கு இடமுண்டு. பட்டம் பெற்றபின் தகுதிக்கேற்ற வேலை தேட ஆறு மாத அவகாசம் அளிக்கப்படுகிறது.

முதல் மூன்று மாதங்கள்

மாம்புரியிலிருந்து புறப்படுபவர் கல்பிட்டி வீதி வழியாகப் பாலாவிச் சந்திக்கு வந்து, சிலாபம், நீர்கொழும்பு ஊடாகச் செல்லும் ஏ 3 வீதியில் கட்டுநாயக்க விமான நிலையத்தை அடையலாம். கொழும்புக்குச் சென்று திரும்பவேண்டிய தேவை இல்லை. அங்கிருந்து பெரும்பாலும் வளைகுடா நாடொன்றில் விமானம் மாறியே சூரிச் அல்லது ஜெனீவா சென்றடைவர். இறங்கிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள், வேலையோ படிப்போ தொடங்குமுன், குடியிருக்கும் ஊராட்சியின் குடிப்பதிவு அலுவலகத்தில் நேரில் பதிந்துகொள்ள வேண்டும். ஓராண்டுக்குக் குறைந்த தங்கலுக்கு 'எல்' அனுமதியும், அதைவிட நீண்ட படிப்புக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் 'பி' அனுமதியும் வழங்கப்படும். காலாவதியாவதற்கு மூன்று மாதத்துக்கும் இரண்டு வாரத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் புதுப்பித்தலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 'என்' என்பது அடைக்கல விண்ணப்பதாரருக்கும், 'எஃப்' என்பது தற்காலிகமாகத் தங்க விடப்பட்டவருக்கும், 'சி' என்பது நிரந்தர வதிவிடம் பெற்றவருக்கும் உரியவை.

பதிவுப் படிவத்தில் சமயம் கேட்கப்படும். தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தின் நிழலில் வளர்ந்த கத்தோலிக்க இளைஞர் இக்கேள்விக்கு இயல்பாகவே உண்மையான விடையை எழுதுவர். அதன் விளைவையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலான கன்டோன்களில் கத்தோலிக்கர் என்று பதிந்தவரின் வருமானத்தில் தேவாலய வரி அறவிடப்படுகிறது. ஜெனீவா போன்ற சில கன்டோன்களில் மட்டும் அது விருப்பத்துக்கு உரியது.

அடிப்படை மருத்துவக் காப்புறுதி 1996 முதல் அனைவருக்கும் கட்டாயம். வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எடுத்தாலும், கட்டுப்பணம் வந்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். வயதுவந்தோர் ஆண்டுதோறும் முதலில் தம் கையிலிருந்து செலுத்த ஒப்புக்கொள்ளும் தொகை 300 பிராங்கிலிருந்து 2,500 பிராங்கு வரை அமையலாம். அத்தொகை உயர்ந்தால் மாதக் கட்டுப்பணம் குறையும், ஆனால் நோய் வந்தால் சுமை கூடும். அத்தொகையைத் தாண்டிய செலவிலும் பத்து வீதத்தை, ஆண்டுக்கு 700 பிராங்கு வரை, நோயாளியே ஏற்க வேண்டும். சில கன்டோன்களில், சமமான தனியார் காப்புறுதி வைத்திருக்கும் வெளிநாட்டு மாணவர் விலக்குக் கோரலாம். இருபது வயதைத் தாண்டிய மாணவர், வருமானம் இல்லாதபோதும், 1948 முதல் நடைமுறையிலுள்ள முதியோர் ஓய்வூதியக் காப்புறுதிக்கு ஆண்டுதோறும் மிகக் குறைந்த தவணையைச் செலுத்துதல் வேண்டும். விடுபட்ட ஆண்டு பிற்காலத்தில் ஓய்வூதியத்தைக் குறைக்கும்.

வாடகை வீட்டுக்கு முற்பணமாகக் கூடியது மூன்று மாத வாடகையே கேட்கலாம். அது வாடகையாளர் பெயரிலுள்ள தனி வங்கிக் கணக்கில் முடக்கி வைக்கப்படும். வீடு கேட்கும்போது உரிமையாளர் எதிர்பார்க்கும் முதல் ஆவணம் கடன் அறவீட்டுப் பதிவேட்டின் சான்றிதழாகும். செலுத்தாத ஒரு காப்புறுதிப் பட்டியல்கூட அப்பதிவேட்டில் ஏறி, வீடு தேடுகையிலும் பின்னர் குடியுரிமை கேட்கையிலும் தடையாக நிற்கும். நண்பருக்காகத் தம் பெயரில் வங்கிக் கடனோ கைத்தொலைபேசி ஒப்பந்தமோ எடுத்துக் கொடுப்பதும், சீட்டுப் பணத்தை நம்பிக் கடன்படுவதும் அங்கே ஒருவரின் எதிர்காலத்தையே முடக்கிவிடக்கூடியவை.

அடுக்குமாடி வீடுகளில் துணி துவைக்கும் அறை பொதுவானது. யாருக்கு எந்த நாள் என்பது அட்டவணைப்படி நடக்கும். குப்பையைப் பல ஊராட்சிகளில் வரி சேர்த்து விற்கப்படும் பைகளில் மட்டுமே வெளியில் வைக்கலாம்; இரவு பத்து மணிக்குப் பின்னும் ஞாயிறு முழுவதும் அமைதி காக்க வேண்டும். அயலவரோடு எழும் பிணக்குகளில் பெரும்பாலானவை இம்மூன்றிலிருந்தே தோன்றுவதால், இவற்றை முதல் வாரத்திலேயே கேட்டறிவது நல்லுறவுக்கு வழியாகும்.

போக்குவரத்து

1902-இல் நிறுவப்பட்ட கூட்டாட்சிப் புகையிரத சேவையும், மலைக் கிராமங்களை இணைக்கும் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்துகளும், ஏரிப் படகுகளும் ஒரே நேர அட்டவணையாகப் பின்னப்பட்டுள்ளன. 1982-இல் அறிமுகமான ஒழுங்கின்படி, குறித்த இடைவெளியில் அதே நிமிடத்தில் புகையிரதங்கள் புறப்படுகின்றன. சூரிச்சிலிருந்து பேர்ணுக்கு ஒரு மணிநேரத்துக்குள் செல்லலாம். அல்ப்ஸ் மலையைக் குடைந்து 2016-இல் திறக்கப்பட்ட 57 கிலோமீற்றர் நீளமான கொட்தார்ட் சுரங்கம் தெற்கேயுள்ள இத்தாலிய மொழிப் பகுதியை வடக்கோடு நெருக்கியது. நிலையங்களில் தடுப்புக் கதவுகள் இல்லாததால் பயணச்சீட்டு வேண்டாம் என்று எண்ணுவோர், வண்டிக்குள் வரும் பரிசோதகரிடம் தண்டம் கட்ட நேரும். அவர்களின் விவரமும் பதிவில் வைக்கப்படும். ஆண்டுக்கு ஏறத்தாழ 190 பிராங்குக்குக் கிடைக்கும் அரைக்கட்டண அட்டை, பெரும்பாலான பயணச்சீட்டுகளின் விலையைப் பாதியாக்குவதால், மாணவர் முதலில் வாங்கவேண்டிய பொருள்களில் ஒன்று.

குடியியல் வாழ்வு: வாக்கும் வாக்கில்லாதோரும்

சுவிஸ் மக்கள் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்வதோடு நிற்காமல், ஆண்டுக்கு நான்கு முறை வரை நேரடியாகச் சட்டங்கள் மீதும் வாக்களிக்கின்றனர். பாராளுமன்றம் இயற்றிய சட்டமொன்றுக்கு எதிராக 100 நாட்களுக்குள் 50,000 கையொப்பங்கள் சேர்ந்தால் அது மக்கள் வாக்குக்கு வரும். 18 மாதங்களில் 100,000 கையொப்பங்கள் சேர்த்தால் குடிமக்களே அரசியலமைப்புத் திருத்தத்தை முன்மொழியலாம். நாட்டை ஆள்வது எழுவர் கொண்ட கூட்டாட்சி அவை. அவர்களில் ஒருவர் ஓராண்டுக்கு மட்டும் சனாதிபதியாகச் சுழற்சி முறையில் அமர்கிறார்.

இதன் பொருளை மாம்புரி வாசகர் தம் ஊரிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். 2010-இல் மாம்புரியில் 10 மெகாவற் வலுவுள்ள காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. அயலிலுள்ள நுரைச்சோலையில் 900 மெகாவற் நிலக்கரி மின்நிலையம், உள்ளூர் மீனவரும் கத்தோலிக்கத் திருச்சபையும் பல ஆண்டுகள் எதிர்த்த பின்னும், கொழும்பின் முடிவின்படி எழுந்தது. சுவிட்சர்லாந்தில் காற்றாலைத் திட்டங்கள் பல ஊராட்சிகளின் வாக்கெடுப்புக்குச் செல்கின்றன. 2023 செப்டெம்பரில் வலே கன்டோன் வாக்காளர்கள், மலைச்சரிவுகளில் பெரிய சூரிய மின்நிலையங்களை விரைந்து அமைக்கும் சட்டத்தை நிராகரித்தனர். 2024 யூனில் நாடு முழுவதும் நடந்த வாக்கெடுப்பில், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை ஊக்குவிக்கும் சட்டம் பெரும்பான்மை பெற்றது. தம் நிலத்தில் எழுவதைக் குறித்துத் தம் வாக்கால் பேசும் இவ்வுரிமை, அந்நாடு ஒருவருக்குக் கற்பிக்கக்கூடியவற்றுள் மிக உயர்ந்தது.

அவ்வுரிமையின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. பெண்களுக்குக் கூட்டாட்சி மட்டத்தில் வாக்குரிமை 1971-இல்தான் கிடைத்தது, ஏனெனில் அதை வழங்க ஆண்களே வாக்களிக்க வேண்டியிருந்தது. 2009 நவம்பரில் 57.5 வீதத்தினர் புதிய பள்ளிவாசல் மினாராக்களைத் தடைசெய்ய வாக்களித்தனர். மயக்கமூட்டாமல் விலங்கறுப்பதற்கான தடை 1893 முதல் நீடிப்பதால் அம்முறைப்படியான ஹலால் இறைச்சி இறக்குமதியாகவே கிடைக்கிறது. கல்பிட்டிக் குடாநாட்டு முஸ்லிம் மாணவர் இவற்றை முன்கூட்டியே அறிந்து செல்வது நல்லது. வாக்கெடுப்பு எவரைப் பற்றி நடக்கிறதோ அவர்களில் பலருக்கு வாக்கு இல்லை என்பதே இதன் வேதனை. 1990-இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம் மக்கள், தம் வாக்காளர் பதிவு மன்னாரிலா புத்தளத்திலா என்ற கேள்வியோடு பல தேர்தல்களைக் கடந்தவர்கள். பதிவு எங்கே என்பது ஒருவரின் குரலையே தீர்மானிக்கும் என்பதை இக்கரைக்கு எவரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

வெளிநாட்டவருக்கும் சில இடங்களில் வாக்குண்டு. நியூசாத்தல் கன்டோனில் ஊராட்சி வாக்குரிமை 1849-இலேயே தொடங்கியது. அங்கும் யூரா கன்டோனிலும் கன்டோன் மட்டத்திலும், ஜெனீவா, வோ, பிரிபூர்க் ஆகியவற்றில் ஊராட்சி மட்டத்திலும், குறித்த ஆண்டுகள் வாழ்ந்த வெளிநாட்டவர் வாக்களிக்கலாம். ஜேர்மன் மொழிப் பகுதியில் இவ்வுரிமை மிக அரிது. ஏனையோருக்கு வழி குடியுரிமையே: 2018 முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி பத்தாண்டு வதிவிடமும், 'சி' அனுமதியும், உள்ளூர் மொழியில் நன்கு பேசவும் எளிய அளவில் எழுதவும் வல்ல தேர்ச்சியும் வேண்டும். மாணவராகக் கழித்த ஆண்டுகள் 'சி' அனுமதிக்கு உடனே கணக்கில் வராமல், படிப்புக்குப் பின் இடைவிடாது இரண்டாண்டு நிலையான வதிவிட அனுமதியோடு வாழ்ந்தால் மட்டுமே சேர்க்கப்படும். விண்ணப்பம் ஊராட்சி, கன்டோன், கூட்டாட்சி என்ற மூன்று படிகளைக் கடக்கும். ஊராட்சி அவையினர் நேரில் அழைத்து, ஊரின் பாடசாலை, சங்கங்கள், ஆறு, மலை பற்றிக் கேட்பதும் உண்டு.

தமிழர் சமூகமும் ஊரின் வாழ்வும்

1983 யூலை வன்செயலுக்குப் பின் இளைஞராக வந்து, உணவக அடுக்களைகளிலும் மருத்துவமனைகளிலும் உழைத்த ஈழத்தமிழர், இன்று பல்லாயிரக்கணக்கில் அந்நாட்டில் வேரூன்றியுள்ளனர். வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளும் கோயில்களும் விளையாட்டுக் கழகங்களும் அவர்களால் எழுந்தன. பேர்ணில் 2014 டிசெம்பரில் திறக்கப்பட்ட சமயங்களின் இல்லத்தில் சைவக் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த விகாரை ஆகியவை ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன. சொலொத்தூர்ன் கன்டோனிலுள்ள மரியஸ்தைன் மடாலயத்துக்கும், ஐன்சீடல்ன் கரிய மாதா திருத்தலத்துக்கும் தமிழ்க் கத்தோலிக்கரோடு சைவரும் யாத்திரை செல்கின்றனர். மடுவிலும் தலவிலவிலும் சமய வேறுபாடின்றிக் கூடும் வழக்கத்தின் தொடர்ச்சி அது.

இச்சமூகம் புதிதாக வருபவருக்கு முதல் உணவையும் முதல் தங்குமிடத்தையும் மனமுவந்து தரும். ஆயினும் அதனுள்ளேயே நின்றுவிடுபவர், உள்ளூர் மொழியறியாது ஒவ்வோர் அலுவலகக் கடிதத்துக்கும் பிள்ளைகளையே மொழிபெயர்ப்பாளராக்கிய முதல் தலைமுறையின் துன்பத்தைத் திரும்பவும் சுமப்பர். ஊரின் தீயணைப்புத் தொண்டர் படை, உதைபந்தாட்டக் கழகம், பாடகர் குழு, பாடசாலைப் பெற்றோர் அவை ஆகியவற்றில் சேர்வதே அங்கு அறிமுகம் பெறும் வழி. இலங்கையில் பிறந்து சிறுவயதில் அங்கு சென்று தாதியாகப் பணிசெய்த ஃபாரா ரூமி, 2023-இல் சொலொத்தூர்ன் கன்டோனிலிருந்து தேசிய சபைக்குத் தெரிவானது, அவ்வழி நாட்டின் பாராளுமன்றம் வரை நீளக்கூடியது என்பதற்குச் சான்று.

ஆகவே ஆயத்தத்தின் ஒழுங்கு தெளிவானது. முதலில் படிக்க விரும்பும் ஊரைத் தேர்ந்து, அதன் மொழி ஜேர்மனா பிரெஞ்சா என்று அறிந்து, கொழும்பிலுள்ள கோதே நிறுவனத்திலோ அலியோன்ஸ் பிரான்சேஸிலோ இணையவழியிலோ குறைந்தது ஓராண்டு கற்க வேண்டும். பின்னர் ஆவணங்களைச் சீர்செய்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்கு விண்ணப்பித்து, முதலாண்டுச் செலவைக் கடனின்றித் திரட்டிக்கொண்டு, விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாடநெறி ஆங்கிலத்தில் நடந்தாலும் இவ்வொழுங்கை மாற்றக்கூடாது. வகுப்பறையில் ஆங்கிலம் போதும்; ஆனால் வீடும் காப்புறுதியும் வேலையும் குடியுரிமையும் தீர்மானிக்கப்படும் ஊராட்சி மேசையில் பேசப்படுவது அவ்வூரின் மொழியே.